பாம்புச்செவிக்காரர் வீட்டுக் கேபிள்

அந்தக் கேபிளுமா வேணும் உங்களுக்கு?

இல்லண்ணா, கிண்டல் பண்ணல. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பார்க்க வர்றேன்னுதான் போன்ல சொன்னீங்க. வந்ததும் வராததுமா நீங்க கேபிளைத் தொட்டுப் பார்த்தீங்களா, சிரிப்பு வந்துடுச்சு. எடுத்துக்குங்க. சும்மாவே எடுத்துக்குங்க. ஆனா அதை மாட்டினா பாட்டு நல்லாக் கேக்கும்னு நம்பி எடுத்துட்டுப் போகாதீங்க. எப்பவும் கேக்கிற மாதிரிதான் கேக்கும்.

உட்காருங்க. அந்த சோபா வேணாம், இந்தச் சேர்ல… சரி, அதுலயே உட்காருங்க. அப்பா உட்கார்ற இடம் அது. இப்ப உட்கார்றதில்ல. உள் ரூம்ல இருக்கார். நீங்க ஒண்ணும் மெதுவாப் பேச வேணாம். நல்லா சத்தமாவே பேசலாம்.

அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க. அட்டைப்பெட்டியெல்லாம் எங்க இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். வர்ற வரைக்கும் இந்தக் கேபிள் கதையைச் சொல்றேன். உங்களைப் பார்த்தாலும் கேபிள் மேல நம்பிக்கை உள்ள ஆள் மாதிரிதான் இருக்கு. உபயோகப்படும்.

என் பேரு பைரவி. ராகத்தோட பேரு. அப்பா வெச்சது. எனக்குப் பாட வராது. சின்ன வயசுல பாட்டு கிளாஸுக்கு அனுப்பினாங்க, டீச்சரே கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திட்டாங்க. அன்னைக்கு அப்பா சொன்னார், "பேரை வெச்சதுதான் தப்பு"ன்னு. நானா வெச்சுக்கிட்டேன்?

அப்பா பேரு தில்லைநாயகம். இந்த உறையூர்ல அவருக்கு இன்னொரு பேரு உண்டு. பாம்புச்செவி. நிஜமாவே அப்படித்தான் கூப்பிடுவாங்க. கச்சேரியில கடைசி வரிசையில உட்கார்ந்துக்கிட்டு, மிருதங்கத்துல வார் தளர்ந்திருக்குன்னு சொல்வாராம். எங்க சபாவுல வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குப் பாட்டுப் போட்டி நடக்கும். அதுக்கு நடுவர் அவர்தான். மேடைக்கு முன்னாடி ஒரு மேஜை, அதுல ஒரு மணி. மணியை அடிச்சார்னா பாட்டை நிறுத்திட்டு இறங்கிடணும். அந்த மணிக்குப் பயந்து மேடையிலேயே அழுத பிள்ளைங்களை நான் பார்த்திருக்கேன். ஆபீஸ்ல அவர் சாதாரண கிளார்க். யாரும் எழுந்துகூட நிக்க மாட்டாங்க. அந்த மேஜையில மட்டும் ராஜா. அந்த ஒரு நாளுக்குத்தான் சட்டையை வெளிய குடுத்து இஸ்திரி போடுவார்.

பாம்புக்கு வெளிக்காதே கிடையாது, தெரியுமாண்ணா? சயின்ஸ்ல படிச்சது. பட்டப்பேரு வெச்சவங்களுக்குத் தெரியல போல.

ஆமா, படிச்சேன். இப்பப் படிக்கல. ப்ளஸ் டூ பாதியில நின்னுட்டேன். காரணம் பெருசா ஒண்ணும் கிடையாது. காலாண்டுல முக்காவாசிப் பாடம் போச்சு, கிளாஸ்ல உட்கார முடியல, ஒரு நாள் காலையில எழுந்திருச்சு இனிமே போறதில்லன்னு முடிவு பண்ணேன். அவ்வளவுதான். ஆனா திருட்டுத்தனமா நிக்கல. அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் நின்னேன். எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது.

அவர் வாஷ்பேசின்ல முகம் கழுவிக்கிட்டு இருந்தார். பின்னாடி போய் நின்னு, "அப்பா, நான் இனிமே ஸ்கூலுக்குப் போகல"ன்னேன். பதில் இல்ல. மறுபடி சொன்னேன். பதில் இல்ல. மூணாவது தடவ கத்தியே சொன்னேன். துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே திரும்பினார். என்னைப் பார்த்தார். "சரி சரி, பார்த்துப் போயிட்டு வா"ன்னார்.

பார்த்துப் போயிட்டு வாவாம்! பால் பாக்கெட் வாங்கப் போறவகிட்ட சொல்ற மாதிரி. ஒரு அறை விட்டிருக்கலாம். ஏண்டின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெத்த பொண்ணு படிப்பை விடறேன்னு சொல்றா, காதுலயே வாங்கல. அம்மாகிட்ட சொன்னதுக்கு அழுதாங்க, திட்டினாங்க, தலையில அடிச்சுக்கிட்டாங்க. அதுலயாவது ஒரு மரியாதை இருக்கு. அப்புறம், "அப்பாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காதே"ன்னாங்க. பக்குவமா என்ன சொல்றது? நான்தான் சொல்லிட்டேனே!

இப்ப பக்கத்துத் தெரு பிராட்பேண்ட் ஆபீஸ்ல போன் எடுக்கிறேன். "நெட் வரல"ம்பாங்க. "டப்பாவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"ம்பேன். அப்பா ஆபீஸ் போயிட்டிருந்த வரைக்கும் எட்டு மணிக்கே கிளம்பிடுவார், நான் பத்துக்கு. பார்த்துக்கிட்டதே இல்ல. நல்லதுதான்.

நான் ஸ்கூலை விட்ட அதே வாரம்தான் இந்தக் கேபிள் வந்துச்சு. பாருங்க, எவ்வளவு தடி. துணியில பின்னியிருக்கு. இதுல ஒரு அம்புக்குறி இருக்கு, தெரியுதா? பாட்டு இந்தப் பக்கமாத்தான் போகணுமாம். ஒன் வே! அப்பா பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னாடி வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சுத்தான் பிரிச்சார். எனக்கு ஒரு நாளும் ஹால் டிக்கெட்டுக்குப் பொட்டு வெச்சதில்ல.

அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேலயே பாட்டு மேல குறை. "மூடின மாதிரி இருக்கு, போர்வைக்குள்ள பாடற மாதிரி இருக்கு"ம்பார். முதல்ல ஸ்பீக்கரை மாத்தினார். அப்புறம் ஆம்ப்ளிஃபயர். அப்புறம் நெட்ல பாட்டு எடுக்கிற இந்தச் சின்ன டப்பா. ஒவ்வொண்ணும் வந்ததும் ஒரு வாரம் நல்லாருக்கும்பார், மறுபடி போர்வை. சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போவார். மேல்வீட்டுக்காரங்க இறங்கி வந்து சண்டை போட்டாங்க. எல்லாத்தையும் மாத்தினாரே, காதை மாத்தணும்னு மட்டும் தோணவே இல்ல.

கடைசியா யாரோ கேபிள்னு சொல்லிக் குடுத்துட்டாங்க. சுவத்துல இருக்கிற நெட் டப்பாவுலேர்ந்து இந்தப் பாட்டு டப்பாவுக்குப் போற வயர். மாட்டினார். ஸ்பீக்கர் மேல ஒரு கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தார். எப்பவுமே அப்படித்தான், நாய்க்குட்டியைத் தடவற மாதிரி கை வெச்சுக்கிட்டுத்தான் கேப்பார். கண்ணுல தண்ணி. "அங்கை, தம்புரா மூச்சு விடுதுடீ"ன்னு அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா பேரு அங்கயற்கண்ணி. அம்மாவும் வந்து நின்னு, "ஆமாங்க, விடுது"ன்னாங்க. தம்புரா எதுக்கு மூச்சு விடணும்?

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தினமும் இதுதானே என் வேலை? நெட்ல பாட்டு பாட்டா வர்றதில்லண்ணா. எண்ணா வருது. வந்தா வரும், வராட்டி வராது. நடுவுல அழகாவும் வராது, அசிங்கமாவும் வராது. கூரியர்ல புடவை வருதுன்னு வைங்க. கொண்டு வர்ற ஆள் புல்லட்ல வந்தா என்ன, ஓட்டை சைக்கிள்ல வந்தா என்ன, புடவையோட கலர் மாறுமா? பழைய வயர் அறுந்து கிறுந்து இருந்தா மாத்தலாம். நல்லா இருக்கிற வயரை எதுக்கு மாத்தணும்?

இதையேதான் அப்பாகிட்டயும் சொன்னேன். "இதுல வர்றது வெறும் எண்ணுப்பா"ன்னேன். என்ன பதில் சொன்னார் தெரியுமா? "ஆமாம்மா, எண்ணெய் போட்ட மாதிரிதான், வழுக்கிக்கிட்டுப் போகுது பாரு"ன்னார். எண்ணுங்கிறேன், எண்ணெய்ங்கிறார்! படிப்பை விட்டவதானேன்னு நக்கல். "உங்களுக்கு என்னதான்பா பிரச்சினை?"ன்னு கேட்டேன். "உனக்கு ஞானம் பத்தாது"ன்னுட்டுத் திரும்பிக்கிட்டார். ஒரு வயர் பேசறதைக் காது குடுத்துக் கேக்கறார், நான் பேசறதைக் கேக்க மாட்டேங்கறார். அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்த வயரோட வாயை எல்லார் முன்னாடியும் அடைக்கணும்னு.

ஞாயித்துக்கிழமை ஆனா அமலதாஸ் அங்கிள் வருவார். அப்பாவோட பழைய சிநேகிதர், சர்ச்ல வயலின் வாசிக்கிறவர். அப்பாவுக்கு எதிர்ல உட்கார்ந்துக்கிட்டுத் தொடையில பெருசா, ஊருக்கே தெரியற மாதிரி தாளம் போடுவார். எனக்குத்தான் தாளம் தெரியும்னு காட்டிக்கிற மாதிரி இருக்கும். அவர்கிட்ட கேட்டேன், "கேபிள் மாத்தினதுல வித்தியாசம் தெரியுதா அங்கிள்?" அவர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பாவுக்குத் தெரியுதுல்லம்மா. அது போதும்"னார். ஜால்ரான்னு நினைச்சுக்கிட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை சபா தலைவர் வர்றதாச் சொல்லியிருந்தார். கிருஷ்ணசாமி சார். சும்மா வரல. போன வருஷப் போட்டியில அப்பா முதல் பரிசு குடுத்த பொண்ணு சுருதி விலகிப் பாடினதா ஒரு பேச்சு. தோத்த பிள்ளையோட அப்பா யாரோ ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டிச் சண்டை போட்டிருக்கார். இந்த வருஷமும் அப்பாவை நடுவரா வெக்கிறதா வேண்டாமான்னு தலைவர் நேர்ல பார்த்து முடிவு பண்ணப் போறார். இது வீட்ல எல்லாருக்கும் தெரியும். அம்மா விடியக்காலையிலேயே தலை குளிச்சுட்டுக் கேசரி கிண்டினாங்க. என்கிட்ட வந்து, "அந்த மேஜை போச்சுன்னா உங்கப்பா உடைஞ்சிடுவார்டீ. இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு"ன்னாங்க.

மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். தலைவர்தான் கிளறி விட்டார். கேசரி சாப்பிட்டுக்கிட்டே கேபிளைப் பார்த்து, "தில்லை, நானும் ஒண்ணு வாங்கலாமாய்யா?"ன்னார். நான் கதவோரமா நின்னேன். "வாங்காதீங்க சார், வேஸ்ட்டு"ன்னேன்.

"ஏம்மா? அப்பாதான் வித்தியாசம் தெரியுதுங்கிறாரே."

"எது மாட்டியிருக்குன்னு தெரியாமக் கேட்டா தெரியாது சார். வேணும்னா பரீட்சை வெச்சுப் பாருங்க."

அமலதாஸ் அங்கிள் உடனே, "சின்னப் பொண்ணு சார், விளையாட்டுக்குச் சொல்றா. காபி வருதாம்மா?"ன்னார். தலைவருக்கோ குஷி. அப்பா முகத்துக்கு நேரா குனிஞ்சு, "பாம்புச்செவிக்கே பரீட்சையாம்யா! வைக்கட்டுமா?"ன்னு சத்தமாக் கேட்டார். அப்பா சிரிச்சார். மீசையைத் தடவிக்கிட்டே, "வைக்கட்டும்"னார். கேட்டுக்குங்க, அவர் வாயாலதான் சொன்னார். நான் யாரையும் கட்டாயப்படுத்தல.

எந்தத் தடவ எந்தக் கேபிள்னு யார் முடிவு பண்றது? நான் பண்ணா, நான் ஏமாத்தறேம்பாங்க. அம்மாதான் அடுப்படியிலேர்ந்து ஓடி வந்து, "பூக் கட்டிப் பார்த்துடலாம்"னாங்க. உங்க வீட்லயும் செய்வீங்கல்ல? கல்யாணத்துக்கு, வீடு வாங்கறதுக்கு. சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னாடி போட்டு, ஒண்ணை எடுக்கிறது. வயருக்குப் பூக் கட்டிப் பார்த்த குடும்பம் உலகத்துலயே எங்க குடும்பம் மட்டும்தான் இருக்கும். ஆனா யோசிச்சுப் பார்த்தேன், நியாயமாத்தான் பட்டுச்சு. செவ்வரளி வந்தா புதுக் கேபிள், நந்தியாவட்டை வந்தா பழசு. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்.

இன்னும் சில ரூல்ஸும் போட்டேன். அப்பா ஸ்பீக்கர்ல கை வெக்கக் கூடாது, இந்த சோபாவுலதான் உட்காரணும். சத்தம் அளவா இருக்கணும், கூட்டினா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். பாட்டு எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு டப்பாவுல காட்டற எண்ணு தெரியக் கூடாது, மேல ஒரு துண்டு. நியாயமா இல்லையா? அப்பா சட்டைப் பட்டனைத் திருகிக்கிட்டே இருந்தார். பயம்னு நினைச்சேன்.

நான் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி. அம்மா தட்டுலேர்ந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சு என்கிட்ட காட்டுவாங்க. நான் அந்தக் கேபிளை மாட்டுவேன். போன்ல பாட்டை முதல்லேர்ந்து போடுவேன். தலைவர் நல்ல ரசிகர் மாதிரி கண்ணை மூடிக்குவார். அமலதாஸ் அங்கிள் தொடையில தட்ட ஆரம்பிப்பார். அப்பா கேட்டுட்டுச் சொல்லுவார்.

"புதுசு." சரி.

"இது பழசு. மூடிக்கிச்சு பாருங்க." சரி.

"பழசுதான்." சரி. "புதுசு." சரி. "புதுசு." அதுவும் சரி.

எனக்குத் தலை சுத்துது. தலைவர் எழுந்து நின்னு கை தட்டறார். "பாம்புச்செவின்னா பாம்புச்செவிதான்! எவன்யா சொன்னான் தில்லைக்குக் காது போச்சுன்னு? இந்த வருஷமும் நீதான்யா நடுவர்!" அப்பா என்னைப் பார்த்தார் பாருங்க ஒரு பார்வை. ஜெயிச்ச பார்வையா இருந்தா விட்டிருப்பேன். பாவமே இவ, அப்படிங்கிற பார்வை.

ஸ்டாண்டுக்குப் பின்னாடியிருந்து எழுந்திருச்சேன். எழுந்ததும் கண்ணுல பட்டது ஸ்பீக்கருக்கு மேல அலமாரியில இருக்கிற நடராஜர் படம். அதோட சட்டத்து மேல பூ. சிவப்பு, வெள்ளை, வெள்ளை, சிவப்பு, சிவப்பு. வந்த வரிசையிலேயே. சாமிகிட்ட கேட்ட பூவைக் கீழ போடக் கூடாது இல்லையா? அம்மா ஒவ்வொண்ணையும் பக்தியா எடுத்துட்டுப் போய்ப் படத்துல வெச்சிருக்காங்க. அப்பா உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிர்ல. தலைவர் கண்ணை மூடியிருந்தார். அங்கிள் திறந்துதான் வெச்சிருந்தார். அம்மாவைப் பார்த்தேன். அவங்க முந்தானையால வாயைத் துடைச்சுக்கிட்டாங்க.

அப்பவே போட்டு உடைச்சிருக்கலாம். உடைச்சா, "அடடா, வழக்கமாப் பண்றது, தெரியாமப் பண்ணிட்டேன்"னு அம்மா தப்பிச்சுடுவாங்க. அதனால சொல்லல. "கடைசியா ஒரே ஒரு தடவ"ன்னேன். அம்மா, "போதும்டீ"ன்னாங்க. "ஒண்ணுதானேம்மா, போடட்டும்"னு தலைவர். "சரி, அம்மா காபி போடட்டும், நானே பூ எடுத்துக்கிறேன்"னு சொல்லி அடுப்படிக்கு அனுப்பிட்டேன்.

பூவெல்லாம் எடுக்கல. வேற ஒண்ணு கவனிச்சிருந்தேன். கேபிளை மாத்தறப்பல்லாம் ஓடிக்கிட்டு இருந்த பாட்டு நிக்கவே இல்ல. ஏன்னா இந்த டப்பா பாட்டைக் கொஞ்சம் முன்னாடியே வாங்கி வெச்சுக்கும். மோட்டாரை நிறுத்தினாலும் மாடித் தொட்டியில இருக்கிற தண்ணி கொஞ்ச நேரம் வருமில்ல, அது மாதிரி. பாட்டைப் போட்டேன். கீர்த்தனை ஆரம்பிச்சதும் கேபிளை உருவிட்டேன். புதுசையும் உருவி, பழசையும் உருவி, ஒரு கையில இது, ஒரு கையில அது. சத்தமில்லாமப் போய் அப்பா சோபாவுக்குப் பின்னாடி நின்னேன்.

பாட்டு ஓடுது. வயரே இல்ல, ஓடுது.

அப்பா சொல்றார், "புதுசு. சந்தேகமே இல்ல. தம்புரா எப்படி மூச்சு விடுது பாருங்க."

நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். தலைவர் கண்ணைத் திறந்தார். பார்த்தார். வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். நல்ல சிரிப்புத்தான். நல்லா ஏமாந்தான்யா தில்லைங்கிற சிரிப்பு. அமலதாஸ் அங்கிள் மட்டும் சிரிக்கல. தாளத்தை விடாமலே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மாட்டிடும்மா, மாட்டிடு. வாய் மட்டும் அசையுது.

மாட்டியிருந்தா கதை அதோட முடிஞ்சிருக்கும். வயர் வேஸ்ட், எல்லாரும் சிரிச்சாங்க, காபி குடிச்சாங்க. நான் ஏன் மாட்டணும்? பாதி உண்மை சொல்ற பழக்கம் எனக்கு இல்ல.

தொட்டியில தண்ணி தீர்ந்துச்சு. சரணத்துக்குப் போறப்ப, ஒரு வார்த்தை பாதியில, டக்குன்னு நின்னுச்சு.

அப்பாவோட கை நிக்கல.

தட்டு, விரல் எண்ணு, தட்டு, திருப்பு. தலை மெல்ல ஆடுது. நடுவுல ஒரு "ஆஹா". வீட்ல ஃபேன் சத்தம் மட்டும்தான் இருக்கு. மொதல்ல எனக்கு ஒண்ணும் புரியல. நடிக்கிறார்னு நினைச்சேன். அப்புறம் எதிர்ல பார்த்தா, அமலதாஸ் அங்கிள் கையும் நிக்கல. இல்லாத பாட்டுக்கு அவரும் பெருசா, ஊருக்கே தெரியற மாதிரி தட்டிக்கிட்டு இருக்கார். கண்ணுல தண்ணி நிக்குது, கை தட்டிக்கிட்டே இருக்கு. அப்பாவோட கண்ணு அந்தக் கை மேலயே. ரெண்டு கையும் ஒண்ணாப் போகுது.

தலைவரோட சிரிப்பு அப்படியே காய்ஞ்சு போச்சு.

எனக்கு அப்ப விளங்கிடுச்சு. நான் மெதுவான ஆள் இல்ல. நேராப் போனேன். அங்கிளோட மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்தினேன்.

அப்பா கையும் நின்னுச்சு.

அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். "என்னாச்சு? கரண்ட் போச்சா?"ன்னு கேட்டார். தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கு.

யாரும் பேசல. பெரிய மனுஷங்க ரெண்டு பேர் இருந்தாங்க, பேசல. அம்மா காபித் தட்டோட வாசப்படியில நிக்கிறாங்க, பேசல. யாராவது சொல்லித்தானே ஆகணும்? அவர் முன்னாடி குனிஞ்சு, மெதுவா, ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னேன். "பாட்டு… எப்பவோ… நின்னுடுச்சுப்பா. வயரே… மாட்டல."

அது மட்டும் நல்லாப் புரிஞ்சுது அவருக்கு.

தலைவர் காபி குடிக்காமலே கிளம்பினார். வாசல்ல அம்மாகிட்ட, "இந்த வருஷம் சின்னவங்களுக்கு வாய்ப்புக் குடுக்கலாம்னு கமிட்டியில ஒரு யோசனை"ன்னார். அந்த யோசனை எங்க வீட்டு வாசல்லதான் பிறந்துச்சு. அமலதாஸ் அங்கிள் செருப்பைத் தேடிக்கிட்டு நின்னார். காலுக்குக் கீழயே இருந்துச்சு செருப்பு. "ரெண்டு வருஷமாச்சும்மா அவனுக்குக் கேக்காமப் போய். எனக்கும் உங்கம்மாவுக்கும் தெரியும். அவன் என் கையைப் பார்த்தே பாட்டைக் கேட்டுடுவான். எல்லாம் மனசுக்குள்ளயே இருக்கு அவனுக்கு"ன்னார்.

"அப்ப நீங்களும் ஏமாத்துக்காரர்தானே அங்கிள்?"ன்னேன்.

அதுக்கப்புறம் அவர் வரல. சொன்னதுல தப்பு என்ன? போன வருஷம் நல்லாப் பாடிட்டுத் தோத்துப் போய் அழுத பிள்ளைக்கு யார் பதில் சொல்றது? மணியடிச்சவர் காதுல மணிச் சத்தமே விழுந்திருக்காது. அம்மா என்கூடப் பேசறதில்ல. காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. காது மெஷின் எழுதிக் குடுத்தார், பெட்டி பிரிக்காமலே அலமாரியில இருக்கு. அப்பா தொட மாட்டேங்கறார். ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு ரூம்லயே கிடக்கார். செட்டை வித்துடுன்னு அம்மாகிட்ட அவர்தான் சொன்னார். நான்தான் போட்டோ எடுத்துப் போட்டேன். நீங்க பார்த்துட்டு வந்துட்டீங்க.

என்ன? என்ன கேட்டீங்க?

வாஷ்பேசின்கிட்டயா? அன்னைக்கா?

இல்ல. அன்னைக்குக் கேட்டுச்சு. மூணு தடவ சொன்னேங்கிறேன்ல? மூணாவது தடவ கத்தினேன். திரும்பி என் முகத்தைப் பார்த்துத்தானே பதில் சொன்னார்? போயிட்டு வான்னார்ல? கேக்காமலா சொன்னார்? நீங்க அங்க இருந்தீங்களா? பாட்டு கேக்காம இருக்கலாம். அது வேற. இது நான் சொன்னது. அது கேட்டுச்சு. அன்னைக்கு நல்லாவே கேட்டுச்சு. நீங்க கேபிளைச் சுருட்டுங்க.

அப்பா வர்றார். எழுந்திருக்காதீங்க, பரவால்ல. அப்பா! செட்டு வாங்க வந்திருக்காங்க! செட்டு! …உங்களைப் பார்த்துட்டார், புரிஞ்சுடும்.

பாருங்க, ஸ்பீக்கர் மேல கையை வெக்கிறார். விக்கிற பொருள்னு தெரியும், இருந்தாலும்.

பேசறார், கேளுங்க. உங்ககிட்டதான்.

"…அருமையான செட்டுங்க தம்பி. குறையே கிடையாது. எதுக்குக் குடுக்கிறேன்னு நினைக்காதீங்க. பொண்ணு ப்ளஸ் டூ படிக்கிறா. பரீட்சை நேரம். வீட்ல சத்தம் இருக்கக் கூடாது பாருங்க. அவ படிப்பு முடியட்டும், அப்புறம் வேற வாங்கிக்கலாம்னுதான்…"

என்னை ஏண்ணா பார்க்கறீங்க? அவரைப் பாருங்க. நீங்க என்னைப் பார்த்தா அவரும் திரும்பிடுவார். தலையை மட்டும் ஆட்டுங்க. ஆங், அப்படித்தான்.

நான் சொல்ல மாட்டேன்னா நினைக்கிறீங்க? எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாதுன்னு சொன்னேனே. இதோ, அவர் பின்னாடிதானே நிக்கிறேன். நல்லாக் கேட்டுக்குங்க, நீங்கதான் சாட்சி.

அப்பா, நான் ஸ்கூலை விட்டு நின்னுட்டேன்பா.

பார்த்தீங்களா? நாலாவது தடவ. காதுலயே வாங்க மாட்டார்.